சுமாத்ரா அடித்த ஞாயிற்றுக்கிழமை

சிங்கப்பூருக்கு வந்த புதிதில் ஒரு காலை, பக்கத்து வீட்டு லிம் ஆன்ட்டி என் கதவைப் படபடவென்று தட்டினார். திறந்ததும், "சுமாத்ரா கமிங், சுமாத்ரா கமிங்" என்று சொல்லி, வீட்டுக்குள் கையைக் காட்டிவிட்டுத் தன் வீட்டுக்கு ஓடிவிட்டார். என் ஆங்கிலம் அப்போது பள்ளிக்கூட ஆங்கிலம். அவருடைய ஆங்கிலமோ எனக்கு முற்றிலும் வேறு மொழி. சுமித்ரா என்று யாரோ ஒரு தமிழ்ப்பெண் என்னைப் பார்க்க வருகிறாள் என்றுதான் விளங்கிக்கொண்டேன். வந்த இடத்தில் பேச ஆளில்லாமல் தவித்துக்கொண்டிருந்தவளுக்கு அது பெரிய செய்தி. முகம் கழுவிப் பொட்டு வைத்துக்கொண்டேன். இரண்டு பேருக்கு ஆகும்படி பால் வைத்தேன். பால் பொங்குவதற்குள் மேற்கே வானம் கறுத்து, நாங்கள் குடியிருக்கும் பாசிர் ரிஸ் அடுக்குமாடிகளுக்கு நடுவே ஒரு காற்று புகுந்து வந்தது பாருங்கள். திரைச்சீலை கம்பியோடு கழன்று விழுந்தது. மெத்தை நனைந்தது. கொஞ்ச நேரத்தில் எல்லாம் முடிந்து, ஒன்றுமே நடக்காததுபோல வெயில் வந்துவிட்டது. மலாக்கா நீரிணையைத் தாண்டி, சுமாத்ரா தீவின் பக்கமிருந்து வரும் சூறைக்காற்றைத்தான் இந்த ஊர்க்காரர்கள் அப்படிச் சுருக்கமாகக் கூப்பிடுகிறார்கள் என்பதை அன்று மாலை என் கணவர் சேகர் வேலை முடிந்து வந்து சொன்ன பிறகுதான் தெரிந்துகொண்டேன்.

இப்போது எனக்கு அந்தக் காற்று நன்றாகப் பழகிவிட்டது. நான் பாலர் பள்ளியில் தமிழ் சொல்லிக்கொடுக்கிறேன். மின்னல் எச்சரிக்கை விளக்கு எரிந்தால் விளையாட்டுத் திடலிலிருந்து பிள்ளைகளை வரிசையாக உள்ளே கூட்டிவருவது என் வேலைகளில் ஒன்று. ஆனால், பழகிய காற்றும் வர வர முறை மாறிக்கொண்டிருக்கிறது. முன்பெல்லாம் அது வரும் மாதமும் நேரமும் ஓரளவு தெரியும், விடியற்காலையில் வந்துவிட்டுப் போய்விடும் என்று லிம் ஆன்ட்டி சொல்வார். இப்போது எந்த மாதம், எந்த வேளை என்று சொல்வதற்கில்லை. இப்படிக் கடுமையாகவும் அப்போது அடித்ததில்லை என்பார். நாள்கணக்கில் ஒரு இலைகூட அசையாத புழுக்கம். பிறகு திடீரென்று மரத்தை வேரோடு பிடுங்கும் ஆவேசம். அவர் சொல்வதைக் கேட்கும்போதெல்லாம் எனக்கு எங்கள் ஊர்ப் பேச்சு காதில் விழும். அங்கேயும் இதே வார்த்தைகள்தாம். மழை முன்னைப்போல இல்லை. காற்று முன்னைப்போல இல்லை. ஒரே வேறுபாடு, இங்கே காற்று போனதும் அதை மறந்துவிடுகிறார்கள். எங்கள் ஊரில் காற்றுக்கு ஒரு பெயர் வைத்து, அந்தப் பெயரைச் சொல்லியே அதற்கு முன், அதற்குப் பின் என்று வாழ்க்கையைப் பிரித்துக்கொள்கிறோம்.

என் ஊர் பட்டுக்கோட்டைப் பக்கம். தென்னை எங்களுக்குப் பிள்ளை மாதிரி. அந்த ஒரு கார்த்திகைப் புயலில் எங்கள் பகுதித் தென்னைகள் எல்லாம் ஒரே திசையில் தலைவைத்துப் படுத்துவிட்டன. நான் அப்போது இங்கே இருந்தேன். நாள்கணக்கில் ஊருக்குத் தொலைபேசி போகவில்லை. கடைசியில் யாருடைய காரிலோ மின்னேற்றிய கைப்பேசியிலிருந்து அப்பா பேசினார். "தென்னை ஒண்ணுகூட நிக்கலம்மா. வீட்டு ஓடு அத்தனையும் போயிருச்சு. தார்ப்பாய் குடுக்குறாங்க. நமக்கு அடுத்த லாரியில வருதாம்" என்றார். குரலில் அழுகை இல்லை. அடுத்த லாரியில் வந்துவிடும் என்று நம்பினார். நான் இங்கிருந்து எவ்வளவோ முயன்றேன். மாவட்டம் முழுக்க எந்தக் கடையிலும் தார்ப்பாய் இல்லை. வெளியூரிலிருந்து அனுப்ப, சாலைகளில் விழுந்து கிடந்த மரங்கள் விடவில்லை. ஒவ்வொரு முறை பேசும்போதும் அப்பா அதையே சொன்னார். அடுத்த லாரி. அதற்குள் மழை விடாமல் பிடித்துக்கொண்டது.

எங்கோ நகரத்திலிருந்து நல்ல மனிதர்கள் அனுப்பிய அந்தத் தார்ப்பாய்கள் மாணிக்கம் என்பவருடைய வீட்டு வாசலில் இறங்கின. எந்தப் பதவியும் இல்லாமலே ஊர் முழுக்கத் 'தலைவர்' என்று கூப்பிடும் ஆள் அவர். செங்கல் சூளை வைத்திருந்தார். புயலுக்குச் சில வருடங்களுக்கு முன், அவர் வாய்க்காலில் மணல் அள்ளுகிறார் என்று என் அப்பா அதிகாரிகளுக்கு எழுதிப் போட்டிருந்தார். மாணிக்கம் அப்போது ஒன்றும் சொல்லவில்லை. கோயிலில் பார்த்தால் சிரிக்கக்கூடச் செய்தாராம். கணக்கைத் தீர்க்க அவருக்கு ஒரு புயல் வரவேண்டியிருந்தது. அது வந்ததும் என் அப்பாவைத் தினமும் தன் வாசலுக்கு நடக்கவிட்டு, தினமும் அதே வார்த்தையைச் சொல்லி அனுப்பினார். கூரையில்லாத வீட்டில், நனைந்த சுவருக்குள் படுத்திருந்த அப்பாவுக்கு நெஞ்சில் சளி கட்டியது. பொங்கலுக்கு முன்னால் போய்விட்டார்.

காரியத்துக்குப் போன நான் சூளைப் பக்கமாக நடந்தேன். சுடாத பச்சைக் கற்கள் அடுக்கடுக்காக இருந்தன. அவற்றின்மேல் மடிப்புத் தடம் கலையாத புத்தம்புது நீலத் தார்ப்பாய்கள். மழையில் கல் கரைந்துவிடக்கூடாதே. அந்த நீலத்தைப் பார்த்தபடி நான் வாயைத் திறக்காமல் திரும்பினேன். அப்பா போனபின் என் தம்பி செந்தில் திருப்பூர் வேலையை விட்டுவிட்டு ஊரோடு வந்துவிட்டான். அவன் அங்கே வாழவேண்டியவன். ஆகவே பேசவில்லை. ஆனால் அந்த வன்மத்தை விமானத்தில் என்னோடு கொண்டுவந்து, இங்கே தண்ணீர் ஊற்றி வளர்த்தேன். ரயிலில் நின்றுகொண்டே மாணிக்கத்துக்குத் தண்டனைகள் யோசிப்பேன். பெரிய தண்டனைகள் இல்லை. அவர் ஒரு வாசலில் நிற்கவேண்டும். உள்ளே இருப்பவர் அவரை ஏறிட்டுப் பார்க்காமல், நாளைக்கு வா என்று சொல்லவேண்டும். இவ்வளவுதான். எத்தனையோ பயணங்களில் எத்தனையோ வாசல்களில் அவரை நிறுத்தியிருக்கிறேன். அவருடைய மகன் கார்த்தி இங்கே கணினி வேலையில் இருக்கிறான், பாசிர் ரிஸ்ஸிலேயே குடியிருக்கிறான் என்று தெரியும். பேரங்காடியில் எதிரே கண்டால் வேறு வரிசைக்குப் போய்விடுவேன்.

தீபாவளிக்கு முந்தைய வாரங்களில் ஒரு ஞாயிறு, தேக்கா சந்தையில் மீனும் கீரையும் வாங்கிக்கொண்டு வெளியே வந்தேன். பல நாள் புழுக்கத்தின் உச்சம் அன்று. கேம்பல் லேனில் பண்டிகைக் கடைகள் வரிசையாகக் கூடாரம் போட்டிருந்தன. நடக்க இடமில்லாத கூட்டம். மேற்கே வானம் பச்சையும் மஞ்சளுமாகத் திரிந்துபோயிருந்ததை நான்தான் முதலில் பார்த்தேனோ என்னவோ, கூட்டத்துக்கு எதிர்த்திசையில் வேகமாக நடக்க ஆரம்பித்தேன். முதல் அடி விழுந்ததும் கடைக் கூடாரம் ஒன்று காலைத் தூக்கிக்கொண்டு எழுந்தது. அகல்விளக்குகள் சரிந்து உடையும் சத்தம். சாமந்திச் சரங்கள் பாம்புபோலத் தரையில் ஓடின. சிராங்கூன் சாலைக்கு மேலே கட்டியிருந்த அலங்கார வளைவு இப்படியும் அப்படியும் முறுகியது. பிய்ந்த தார்ப்பாய் ஒன்று கம்பத்தில் சிக்கிப் படார் படார் என்று அடித்துக்கொண்டது. அந்தச் சத்தம் இருக்கிறதே, அதுதான் என்னை ஓடவைத்தது. டன்லப் தெரு முனையில் சாகுல் பாயின் கடைவரைக்கும் ஓடினேன். துண்டு, போர்வை, அத்தர், பயணப்பெட்டி விற்கும் சின்னக் கடை. பாய் நாகப்பட்டினத்துப் பக்கம். அவர் வாப்பா காலத்திலிருந்து இங்கேயே வியாபாரம். எனக்குப் பல வருடப் பழக்கம்.

இரும்புக் கதவைப் பாதிக்கு இறக்கிக்கொண்டிருந்த பாய், "உள்ள வாங்க டீச்சர், சீக்கிரம் வாங்க" என்றார். நான் குனிந்து நுழைந்தேன். எனக்குப் பின்னால் ஒரு பெரியவர் நடைபாதைத் தூணைப் பிடித்துக்கொண்டு நின்றார். வேட்டி உடம்போடு ஒட்டியிருந்தது. காலில், மகன் வாங்கிக் கொடுத்ததாக இருக்கவேண்டும், புத்தம்புது வெள்ளைக் காலணி. பாய் அவர் கையைப் பிடித்து உள்ளே இழுத்து ஒரு முக்காலியில் உட்காரவைத்தார். பெரியவர் தொண்டையைக் கனைத்தார். அந்தக் கனைப்பிலேயே எனக்குத் தெரிந்துவிட்டது. நிமிர்ந்து பார்த்தேன். மாணிக்கம்.

பாய் கண்ணாடிப் பெட்டியிலிருந்து இரண்டு புதுத் துண்டுகளை உருவி என் கையில் கொடுத்தார். "டீச்சர், நீங்க ஒண்ணு எடுத்துக்கிட்டு ஐயாகிட்ட ஒண்ணு குடுங்க. தண்ணி உள்ள வருது, நான் கதவப் பாக்குறேன்" என்று சொல்லிவிட்டு வாசலுக்குப் போனார். நான் ஒரு துண்டால் தலையைத் துவட்டினேன். முகத்தைத் துடைத்தேன். பிறகு இரண்டையும் மடித்து மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன்.

மாணிக்கத்துக்கு என்னை அடையாளம் தெரியவில்லை. அவர் தலைக்கு நேர்மேலே குளிரூட்டி ஓடிக்கொண்டிருந்தது. நடுங்க ஆரம்பித்தார்.

"என்னம்மா காத்து இது? சொல்லாம கொள்ளாம வருது" என்றார்.

"இங்க இப்படித்தான்."

"பையன் கார் எடுக்கப் போனான். போனும் அவன்கிட்டதான் இருக்கு. பேரன் பொறந்திருக்கான், அதான் வந்தேன். உனக்கு எந்த ஊரும்மா?"

"பட்டுக்கோட்டைப் பக்கம்."

"அட, நானும் அந்தப் பக்கந்தான்" என்று முகம் மலர்ந்து ஊர்ப்பெயரைச் சொன்னார். என் ஊர்ப்பெயரை. வாசலில் நின்ற பாய் திரும்பி, "அப்ப அந்தப் புயல்ல மாட்டுனவுகளா நீங்க?" என்று கேட்டார்.

அதற்குப் பிறகு மாணிக்கத்தை நிறுத்த முடியவில்லை. பற்கள் தந்தியடிக்கப் பேசினார். "அதெல்லாம் ஏன் கேக்குறீங்க பாய். ஒரு மரம் நிக்கல. எங்க சனத்துக்கு நான் ஒரு ஆளு நின்னு எல்லாம் பாத்தேன். லாரி லாரியாத் தார்ப்பாய் வந்துச்சு. என் வீட்டு வாசல்ல வச்சுத்தான் குடுத்தோம். ஒரு வீடு விடல."

பாய் தலையை ஆட்டினார். "அல்லா உங்களுக்கு நன்மை குடுப்பான்" என்றார்.

என் காதுக்குள் காற்று இரைந்ததா, ரத்தம் இரைந்ததா என்று தெரியாது. "மேலத்தெரு கோவிந்தசாமி வீட்டுக்குக் குடுத்தீங்களா?" என்று கேட்டேன்.

"எந்தக் கோவிந்தசாமி? நம்மூர்ல நாலஞ்சு பேரு இருக்கான்." அப்போதுதான் என்னைச் சற்று உற்றுப் பார்த்தார்.

"வாய்க்கால்ல மணல் அள்ளுறாங்கன்னு எழுதிப் போட்டாரே, அவரு."

"ஓ, அவனா. அவன் செத்துல்ல போனான்."

"எப்படிச் செத்தாருன்னு தெரியுமா?"

"வயசாயிருச்சு, போயிட்டான்."

"நான் அவரு மக" என்றேன்.

ரயில்களில் எத்தனையோ தடவை ஒத்திகை பார்த்த கட்டம் இது. இந்த இடத்தில் அவர் தலை குனியவேண்டும். அல்லது எழுந்து ஓடவேண்டும். அல்லது என்னை அடிக்க வரவேண்டும். மாணிக்கம் இவை எதையும் செய்யவில்லை. "அடடே, நீயாம்மா? ஒக்காந்திருந்தா யாருன்னு தெரியுதா. நல்லா இருக்கியா?" என்றார். உண்மையான பரிவோடு கேட்டார். அந்த 'நல்லா இருக்கியா'வை நான் சாகும்வரை மன்னிக்கமாட்டேன். என் அப்பாவைக் கொன்றது அவருக்கு ஒரு வேலையாகக்கூட இருக்கவில்லை. வெற்றிலை எச்சிலைத் துப்பியதுபோலத் துப்பிவிட்டு மறந்துபோயிருக்கிறார்.

"எங்க அப்பாவுக்கு ஏன் தார்ப்பாய் குடுக்கல?"

"ஏதோ விட்டுப்போயிருக்கும்மா. அவ்வளவு கூட்டம்."

"விட்டுப்போகல. தினமும் உங்க வாசல்ல வந்து நின்னாரு. அடுத்த லாரியில வரும்னு சொல்லி அனுப்புனீங்க. லாரி லாரியா வந்துச்சுன்னு இப்பத்தான் உங்க வாயாலயே சொன்னீங்க."

வெளியே எதுவோ பெரிதாக முறிந்து விழுந்தது. இரும்புக் கதவு அதிர்ந்தது. மாணிக்கத்தின் உதடுகள் நீலம் பூத்திருந்தன. கைகளைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, என் மடியைப் பார்த்தார்.

"அந்தத் துண்டக் குடும்மா, குளுருது."

"வரும். இருங்க" என்றேன்.

அவர் இருந்தார். வேறு என்ன செய்வார்? மொழி தெரியாத ஊர், வெளியே மரத்தை முறிக்கும் காற்று, கையில் போன் இல்லை. நான் துண்டுகளின்மேல் கையை வைத்துக்கொண்டு அவர் நடுங்குவதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அவர் தாடை ஆடியது. தலைமுடியிலிருந்து நீர் மூக்கின் வழியாகச் சொட்டியது. அந்த நேரம் முழுக்க எனக்கு இரக்கம் வந்ததா என்று பிறகு பலமுறை யோசித்துப் பார்த்திருக்கிறேன். வரவில்லை. இன்னும் கொஞ்ச நேரம் காற்று அடிக்கட்டும் என்றுதான் வேண்டிக்கொண்டேன். பாய் திரும்பிப் பார்த்தார். என் மடியைப் பார்த்தார். என் முகத்தைப் பார்த்தார். சுவரோரம் போய்க் குளிரூட்டியை அணைத்தார். பிறகு இன்னொரு துண்டைப் பிரித்து, அவரே பெரியவரின் தோளைச் சுற்றிப் போர்த்திவிட்டார்.

மழை கொஞ்சம் அடங்கியபோது கார்த்தி கதவுக்கு அடியில் குனிந்து பார்த்து, "அப்பா" என்று கூப்பிட்டான். தெப்பலாக நனைந்திருந்தான். அப்பாவைக் கண்ட நிம்மதியோடு உள்ளே வந்தவன் என்னைக் கண்டதும் தயங்கினான். "அக்கா, நீங்களா? நல்ல வேளை, தெரிஞ்சவங்க இருந்தீங்க. ரொம்ப தேங்க்ஸ்."

"தேங்க்ஸ் வேணாம் கார்த்தி. எங்க அப்பா காரியத்துக்கு நான் வந்திருந்தப்ப நீங்களும் ஊர்ல இருந்தீங்க. உங்க சூளையில பச்சக் கல்லு மேல என்ன போட்டு மூடியிருந்துச்சுன்னு ஞாபகம் இருக்கா?"

பாய் வாசலைப் பார்த்துக்கொண்டு நின்றார். "இருக்கு" என்றான் கார்த்தி, தரையைப் பார்த்தபடி.

"என்னடா இருக்கு?" என்றார் மாணிக்கம்.

"நீலத் தார்ப்பாய்ப்பா. எல்லாம் புதுசு. நான்கூட இத்தனை எதுக்குன்னு உங்ககிட்டக் கேட்டேன்."

மாணிக்கம் அப்போதுதான் தலையைக் குனிந்தார். எனக்குக் குனியவில்லை. மகனுக்குக் குனிந்தார். பரவாயில்லை, அதையும் நான் எடுத்துக்கொண்டேன். கார்த்தி அவர் கையைப் பிடித்து எழுப்பிக் கூட்டிப்போனான். நான் துண்டுகளைக் கண்ணாடிப் பெட்டிமேல் வைத்துவிட்டு வெளியே வந்தேன். நடைபாதையை அடைத்துக்கொண்டு ஒரு பெரிய மரம் விழுந்து கிடந்தது. மஞ்சள் சட்டை போட்ட தொழிலாளர்கள் அதற்குள் ரம்பத்தோடு வந்து இறங்கிவிட்டார்கள். மன்னார்குடிப் பேச்சும் அறந்தாங்கிப் பேச்சும் காதில் விழுந்தன. சாயங்காலத்துக்குள் இங்கே ஒரு மரம் இருந்தது என்பதே தெரியாமல் கூட்டிப் பெருக்கிவிடுவார்கள். எங்கள் தோப்பில் விழுந்த தென்னைகள் அடுத்த மழைக்காலம் வரை கிடந்து, வண்டு துளைத்து, காளான் பூத்துத்தான் மண்ணாயின. அன்று நான் மீன்குழம்பு வைத்து நன்றாகச் சாப்பிட்டேன். பல வருடங்களில் அப்படி ருசித்துச் சாப்பிட்டதில்லை.

வீட்டில் சேகரிடம் சொன்னேன். கப்பல் பட்டறையில் மின் வேலைக்கு மேற்பார்வையாளர் அவர். அமைதியான மனிதர். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "தார்ப்பாய நிறுத்துனது அவரு, சரி. காத்த யாரு அனுப்புனா?" என்றார்.

"என்ன கேள்வி இது? இயற்கை."

"இயற்கையா மட்டும் இருந்தா அந்தக் காத்து அப்படியா அடிச்சிருக்கும்? கடல் சூடாவுது, அதான் காத்து வெறிபுடிச்சு அலையுதுன்னு நீதான பிள்ளைங்களுக்குப் பாடம் நடத்துற."

நான் அவரையே பார்த்தேன். அவர் தன் உள்ளங்கைகளைப் பார்த்துக்கொண்டார். அவர் பட்டறையில் மின்கம்பி இழுத்து முடிக்கும் ராட்சத மேடைகள் எங்கோ நடுக்கடலுக்குப் போய், கடலின் அடியிலிருந்து எண்ணெய் உறிஞ்சுகின்றன. அந்தச் சம்பளத்தில்தான் இந்த வீடு. நாங்கள் பேசிக்கொண்டிருந்த அறைக்குள் குளிரூட்டி மெதுவாக முனகிக்கொண்டிருந்தது. எனக்குக் கோபம் வந்தது. எழுந்துபோய் அதை அணைத்தேன். புழுக்கம் தாங்காமல் சிறிது நேரத்தில் அவர் எழுந்துபோய்ப் போட்டார். நான் தடுக்கவில்லை. மாணிக்கத்தை வெறுப்பது எவ்வளவோ எளிது. அவருக்கு முகம் இருக்கிறது, தொண்டைக் கனைப்பு இருக்கிறது, என் கைக்கு எட்டும் தூரத்தில் ஒரு முக்காலியில் வந்து உட்காரவும் செய்தார். கடலைச் சூடேற்றியவர்களை நான் எந்த வாசலில் கொண்டுபோய் நிறுத்துவது?

சில நாள் கழித்துக் கார்த்தி தொலைபேசியில் அழைத்தான். "அப்பா டிக்கெட்ட மாத்தி ஊருக்குப் போறேங்கிறாருக்கா. கேட்டா ஒண்ணும் ஞாபகம் இல்லைங்கிறாரு. நான் என்ன பண்ணணும், நீங்களே சொல்லுங்க" என்றான். நல்ல பையன். அவனிடம் நான் கொஞ்சம் இறங்கியிருக்கலாம். இறங்கவில்லை. "உங்க பையன் பெருசானதும் அவன்கிட்ட இதச் சொல்லுங்க. தாத்தா என்ன பண்ணுனாருன்னு மறைக்காமச் சொல்லுங்க. எனக்கு அது போதும்" என்றேன். அவன் "சரிக்கா" என்று வைத்துவிட்டான். அடுத்த ஞாயிறு சாகுல் பாய் கடைக்குப் போனேன். எப்போதும்போல நாற்காலியை இழுத்துப் போட்டார், தேநீர் சொன்னார். குடித்து முடித்ததும் மெதுவாக, "உங்க கோவம் நியாயம் டீச்சர். அதுல நான் ஒண்ணும் சொல்லமாட்டேன். ஆனா என் கடையில வச்சு வேணாமே. ஒதுங்க வந்த எடம் பாருங்க" என்றார். நான் காலிக் கோப்பையைக் கண்ணாடிப் பெட்டிமேல் வைத்துவிட்டு எழுந்தேன்.

என் பழிக்கு விலை கொடுத்தது யார் தெரியுமா? நான் இல்லை. மாணிக்கம் ஊர் போய்ச் சேர்ந்த கொஞ்ச நாளிலேயே எங்கள் வயலுக்கு வரும் தண்ணீர் முறை தள்ளிப்போக ஆரம்பித்தது. மடை திறக்கும் ஆள் அவருடைய ஆள். செந்தில் போய் நின்றால், நாளைக்கு, நாளன்றைக்கு என்கிறானாம். செந்தில் என்னைக் கூப்பிட்டுக் கத்தினான்.

"யாரக் கேட்டு நீ அங்க பேசுன? பேசிட்டு நீ பாட்டுக்கு அங்க இருந்துக்கிட்ட. நாந்தான இங்க தினமும் அந்தாளு மூஞ்சியில முழிக்கணும்."

"அப்பாவுக்காகக் கேட்டேன்டா."

"எனக்கு மட்டும் அவரு அப்பா இல்லியா? எனக்குக் கேக்கத் தெரியாதா? எம்புள்ளைங்க இங்க இருக்குன்னு வாய மூடிக்கிட்டு இருந்தேன்."

உண்மைதான். நான் அடித்த அடி கடல் தாண்டிப் போய் அவன்மேல் விழுந்திருக்கிறது. வெளிநாட்டில் இருக்கும் நம்மில் பலருக்கு ஊரில் ஒரு மாணிக்கம் இருக்கலாம். இங்கிருந்து பேசும்போது நமக்கு வரும் தைரியம் நம்முடையது இல்லை, அங்கே இருப்பவர்களின் பாதுகாப்பை எடுத்துச் செலவழிக்கிறோம் என்பதை எழுதத்தான் இந்தக் கட்டுரையைத் தொடங்கினேன். ஆனால் திருந்திவிட்டேன் என்று எழுத முடியவில்லை. மறுபடியும் அந்த முக்காலியில் அவர் நடுங்கிக்கொண்டு உட்கார்ந்தால், நான் மறுபடியும் துண்டை மடியில்தான் வைத்துக்கொள்வேன்.

போன சனிக்கிழமை மதியம் செந்தில் வீடியோவில் அழைத்தான். வங்கக்கடலில் மறுபடியும் ஒரு புயல் உருவாகி எங்கள் கரையை நோக்கி வந்துகொண்டிருந்தது. ஊரில் பலர் மாணிக்கத்தின் மாடி வீட்டுக்குப் போய்விட்டார்களாம். கதவைத் திறந்துவைத்து எல்லாரையும் வரச்சொன்னாராம். செந்திலையும் ஆள்விட்டுக் கூப்பிட்டாராம்.

"போனியா?" என்று கேட்டேன்.

"போகல. ஸ்கூலுக்கு வந்துட்டோம். பிள்ளைங்க ரெண்டும் தூங்குது" என்றான். கோபம் குரலில் இன்னும் இருந்தது. ஆனாலும் என்னைத்தான் கூப்பிட்டிருந்தான். "காத்து ஏறுதுக்கா. கேளு" என்று கைப்பேசியைச் சன்னல் பக்கம் நீட்டினான். திரையில் சாம்பல் நிறம் மட்டும் தெரிந்தது. பிறகு அந்தச் சத்தம் வந்தது. தூரத்தில் லாரி ஏற்றத்தில் முக்கிக்கொண்டு வருவதுபோலத் தொடங்கி, புதிதாய் வளர்ந்த தென்னைகளின் மட்டைகளை எல்லாம் ஒரே பக்கம் சீவித் தள்ளிக்கொண்டு கிட்டே வந்தது. படம் உறைந்து நின்றது. சத்தம் மட்டும் இன்னும் கொஞ்ச நேரம் வந்தது.

நான் எழுந்து சமையலறைச் சன்னலுக்கு ஓடினேன். துணி உலர்த்த வெளியே நீட்டியிருந்த மூங்கில் கழிகளை ஒவ்வொன்றாக உள்ளே இழுத்தேன். சேகரின் வேலைச் சட்டைகள், படுக்கை விரிப்பு, என் சேலை, எல்லாம் பாதி காய்ந்தும் காயாமலும் இருந்தன. கடைசிக் கழியையும் இழுத்து, துணிகளை வாரி நெஞ்சோடு அணைத்துக்கொண்டு நின்றபோதுதான் வெளியே பார்த்தேன். பாசிர் ரிஸ்ஸில் ஒரு இலைகூட அசையவில்லை. எதிர் அடுக்குமாடியின் அத்தனை சன்னல்களிலும் துணிகள் வெயிலில் அப்படியே தொங்கிக்கொண்டிருந்தன.